மௌரீனின் ஆள்காட்டி விரல்

கஸ்தூரிரங்கன் முதலில் துப்பாக்கியை எடுத்து வைக்கவில்லை. கண்ணாடி மேஜையின் மேல் ஒரு பச்சைத் துணியை விரித்து, அதன் நடுவில் இரண்டு தோட்டாக்களை நிறுத்தி வைத்தார்.

"துப்பாக்கி அப்புறம், மேடம். மொதல்ல இதுல எதுன்னு சொல்லுங்கோ. இது இருபத்திரண்டு ரகம். இது முப்பத்திரண்டு. எங்கப்பா காலத்துலேர்ந்து இந்தக் கடையில இதான் மொதக் கேள்வி. பதில் சொல்லாமலே எழுந்து போனவாளும் உண்டு."

மௌரீன் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்தாள். போலீஸ் மைதானத்தில் நடந்த பயிற்சியின்போது ஏட்டு நிரப்பிக் கொடுத்த ரைஃபிளைச் சுட்டிருக்கிறாளே தவிர, ஒரு தோட்டாவை இப்படித் தனியாக, வெளிச்சத்தில், ஒரு பொருளாக அவள் பார்த்ததில்லை. அறுபத்தாறு வயதில் இதுதான் முதல் தடவை. சின்னது ஒரு ஏலக்காயைவிடக் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். பெரியது பேனா மூடி மாதிரி. இரண்டின் தலையையும் பார்த்தபோது அவளுடைய கை தானாகக் கைப்பையைத் தடவியது. உள்ளே இருந்த ஜெபமாலையில் அருள் நிறைந்த மரியேவுக்கான மணி அந்தச் சின்னத் தலையின் கனம்தான் இருக்கும். பத்துக்கு ஒன்றாக வரும் பெரிய மணி இந்தப் பெரிய தலையின் கனம். ஐம்பது வருடமாக விரலில் உருட்டிய அளவுகள். மாதாவே, இவ்வளவுதானா என்று நினைத்தாள். ஒரு ஆளை இந்த உலகத்திலிருந்து அனுப்புவதற்கு இவ்வளவு இருந்தால் போதுமா?

"தொட்டுப் பாக்கலாமா?"

"தாராளமா."

உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். பித்தளை குளிர்ந்திருந்தது. தேவ நற்கருணையைக் கையில் வாங்குகிறவள்போல மற்றக் கையையும் அடியில் கொடுத்துத் தாங்கியிருப்பதை மகள் பார்த்த பிறகுதான் கவனித்தாள்.

"மம்மி, அது ஒண்ணும் வெடிக்காது. ஒரு கையில பிடிங்க" என்றாள் நிக்கோல். அவளுக்கு அந்தக் கடையில் உட்காரவே பிடிக்கவில்லை. எலெக்ட்ரானிக் சிட்டியில் ஆபீசுக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு, சிவாஜிநகர் நெரிசலில் காரை நிறுத்த இடம் கிடைக்காமல் மூன்று சுற்றுச் சுற்றி வந்திருந்தாள். லைசென்ஸ் எடுத்து இரண்டு வருடம் ஆகப் போகிறது. இந்த மாதம் முடிவதற்குள் வாங்காவிட்டால் அது வெறும் காகிதம். நிக்கோலின் விருப்பம் அது வெறும் காகிதமாக வேண்டும் என்பதுதான். ஆனாலும் கூட வந்திருந்தாள். அதற்கு ஒரு ஒப்பந்தம் காரணம்.

ஒப்பந்தம் காரிலேயே இன்னொரு தடவை உறுதியாகியிருந்தது.

"ஆறு தடவை மம்மி. நீங்க சொன்னதுதான். யாரும் ஹெல்ப் பண்ணாம, விசையை ஆறு தடவை இழுக்கணும். இழுத்துட்டீங்கன்னா நான் வாயே திறக்க மாட்டேன். இழுக்க முடியலன்னா இந்த மாசக் கடைசியில சந்தாபுரா வீட்டைப் பூட்டிட்டு எங்ககூட வந்துடணும்."

"சரி."

"அப்புறம் அழக்கூடாது."

"யாரு, நானா நீயா?"

நிக்கோல் ஹாரனை அழுத்தினாள்.

சந்தாபுராவிலிருந்து உள்ளே தள்ளி, லேஅவுட் என்று பெயர்ப் பலகை மட்டும் இருந்த ஒரு வெளியில் மௌரீனின் வீடு இருந்தது. அறுபது மனைகளில் மூன்று வீடுகள்தான் எழும்பின. ஒரு வீட்டில் கோவிந்தப்பா என்பவர் மாடுகளோடு இருந்தார். இன்னொன்று பூட்டியே கிடந்தது. மூன்றாவதை ஓஸ்வால்ட் கட்டினார். ஓஸ்வால்ட் முப்பத்தைந்து வருடம் ஒரு தொழிற்சாலையின் டூல்ரூமில் அளவு பார்க்கும் வேலையில் இருந்தவர். யாராவது ஒன்றைப் பெரிது என்றால் எவ்வளவு பெரிது என்று கேட்பார். சாம்பாரில் உப்பு அதிகம் என்று அவரிடம் யாரும் சொல்ல முடியாது. ரிட்டயரான பிறகு அளப்பதற்கு வேறு ஒன்றும் இல்லாமல் அவர் மௌரீனை அளந்தார். அவளுக்கு விரல் மூட்டுகளில் வாதம். வட்டமான எதையும் திருக முடியாது. அவளுடைய உள்ளங்கை, பிடி, தோள் உயரம் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு வீட்டின் ஒவ்வொரு கைப்பிடியையும் மாற்றினார். குழாய்களுக்கு முழங்கையால் தள்ளித் திறக்கிற மாதிரி நீளக் கரண்டி, கதவுக்கு ஒரு விரலால் அமுக்கும் தாழ்ப்பாள், இழுப்பறைக்குத் தோல் வார். அந்த வீட்டில் மௌரீன் யாரையும் உதவிக்குக் கூப்பிட்டதில்லை. ஹெப்பகோடியில் நிக்கோலின் ஏழாவது மாடி ஃப்ளாட்டில் ஒரு வாரம் தங்கியபோது குளியலறைக் குழாயை மூட முடியாமல் ஈரத்தோடு நின்று மருமகன் க்ளென்னைக் கூப்பிட வேண்டியிருந்தது. நிக்கோல் மறுநாளே பிளம்பரை வரவழைத்துக் குழாயை மாற்றினாள். அவள் நல்ல பெண்தான். ஆனால் அந்த ஈரத்தோடு நின்ற ஐந்து நிமிடத்தை எந்தப் பிளம்பரும் மாற்ற முடியாது.

மூன்றரை வருடங்களுக்கு முன் ஒரு பிற்பகலில் அந்த வீட்டுக்குள் மூன்று பேர் நுழைந்தார்கள். ஜன்னல் கம்பியை வளைத்து வந்தார்கள். ஒருவன் வாசலில் நின்றான். ஒருவன் மௌரீனின் கழுத்துச் சங்கிலியைக் கழற்றச் சொன்னான். மூன்றாமவன் நாற்காலியில் இருந்த ஓஸ்வால்டின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். அப்போதே ஓஸ்வால்டுக்கு நடுக்க வியாதி வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. கைகள் படபடவென்று ஆடின. பிடித்திருந்தவன் குழந்தையைச் சமாதானம் செய்கிற குரலில், "ஹெதர்கோபேடா தாத்தா, ஹெதர்கோபேடா" என்றான். பயப்படாதே தாத்தா என்று சொல்லிவிட்டு மற்றவனைப் பார்த்துச் சிரித்தான். இது பயமில்லை, வியாதி என்று ஓஸ்வால்ட் கன்னடத்தில் நான்கு தடவை சொன்னார். நான்கு தடவையும் அவர்கள் சிரித்தார்கள். யாரையும் அடிக்கவில்லை. ஏழு நிமிடத்தில் போய்விட்டார்கள். சங்கிலி போனதைப் பற்றி ஓஸ்வால்ட் ஒரு வார்த்தை பேசவில்லை. சாயங்காலம் வரைக்கும் கைகளைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "பயந்துட்டேன்னு நெனச்சிட்டுப் போறானுங்க, மௌரி" என்றார்.

துப்பாக்கி வாங்கலாம் என்று சொன்னது அவர்தான். லைசென்ஸ் அவள் பெயரில் என்று முடிவு செய்ததும் அவர்தான். "என் கையில குடுத்தா நம்ம கொய்யா மரந்தான் சாகும்" என்றார். பங்குச் சாமியாரிடம் துப்பாக்கியை மந்திரித்துத் தருவீர்களா என்று மௌரீன் கேட்டதற்கு, அதை வைத்துப் பூட்டுகிற பீரோவை வேண்டுமானால் மந்திரிக்கிறேன், அது திறக்க வேண்டிய நாள் வராமலே போகட்டும் என்று அவர் சொல்லிவிட்டார்.

லைசென்ஸ் வந்தது. பயிற்சிச் சான்றிதழும் வந்தது. எந்தத் துப்பாக்கி என்று தீர்மானமாவதற்கு முன்பே, ஒரு ஏப்ரல் மாதக் காலையில், பல் துலக்கிக்கொண்டிருந்த ஓஸ்வால்ட் இதயம் நின்று விழுந்தார்.

"லேடீஸுன்னா நாங்க இருபத்திரண்டுதான் குடுப்போம்" என்றார் கஸ்தூரிரங்கன். "தூக்கிப் பாருங்கோ, கால் கிலோதான். எட்டு தோட்டா போடலாம். சுட்டா கை அதிராது. பையில வெச்சா இருக்கறதே தெரியாது."

இப்போது சின்ன ரிவால்வர் பச்சைத் துணியின் மேல் இருந்தது. மௌரீன் எதிர்பார்த்ததைவிட அழகாக இருந்தது. அழகாக இருந்ததே அவளுக்குக் கூச்சமாக இருந்தது. கஸ்தூரிரங்கன் உருளையை வெளியே தள்ளி, எட்டு ஓட்டைகளிலும் சுட்டு முடித்த வெற்று உறைகளைச் செருகினார். வெறும் ஓட்டையில் அடித்தால் ஊசி கெட்டுவிடுமாம். பிறகு மூலையில் மணல் நிரப்பிய மரப்பெட்டியைக் காட்டி, "அந்தப் பக்கம் மட்டும் நீட்டுங்கோ. காலியா இருந்தாலும் அந்தப் பக்கந்தான்" என்றார்.

மௌரீன் இரண்டு கைகளாலும் பிடித்து நீட்டினாள். ஆள்காட்டி விரலை விசையின் மேல் வைத்தாள். கடைக்கு வெளியே ஆட்டோக்கள் கத்திக்கொண்டிருந்தன. இழுத்தாள்.

விசை பாதி தூரம் வந்து நின்றது.

மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி இழுத்தாள். மூட்டில் வலி சுண்டியது. சுத்தியல் ஒரு நகத்தின் கனம் எழும்பி, எழுந்த இடத்திலேயே நின்று, அவள் விட்டதும் படுத்துக்கொண்டது. மூன்றாவது தடவை ரிவால்வர் முழுதும் ஆடியது. விசை மட்டும் வரவில்லை.

"கட்டை விரலால சுத்தியலைப் பின்னால தள்ளிட்டு இழுங்கோ. அப்ப லேசா வரும்."

கட்டை விரலின் அடி மூட்டுத்தான் அவளுக்கு எல்லாவற்றையும்விட மோசம். அது சுத்தியலின் மேல் வழுக்கி வழுக்கி விழுந்தது.

"போதும் மம்மி." நிக்கோல் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துத் துப்பாக்கியைத் துணியின் மேல் இறக்க வைத்தாள். அவள் குரலில் வெற்றி இல்லை. அழுகைக்குப் பக்கத்தில் இருந்தது. "இந்தச் சின்னதே வரல. போதும், விடுங்க. டாடி என்ன எழுதி வெச்சாரோ அதான் நடக்குது."

டாடி எழுதி வைத்தது ஒரு குறிப்பேட்டில் இருந்தது. அந்தக் குறிப்பேடு இப்போதும் மௌரீனின் கைப்பையில் ஜெபமாலையோடு கிடந்தது.

திருட்டு நடந்த மாதத்திலிருந்து ஓஸ்வால்ட் ஒரு வழக்கம் வைத்திருந்தார். மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை சாயங்காலத் திருப்பலிக்கு இருவரும் போய் வந்ததும், புதிதாகப் போட்ட ஜன்னல் கம்பியில் ஒரு கொக்கித் தராசை மாட்டுவார். சந்தையில் மீன்காரர்கள் தூக்கிப் பிடிக்கிற ஸ்பிரிங் தராசு. "மௌரி, விரலை மாட்டு" என்பார். ஆள்காட்டி விரலைக் கொக்கியில் கொடுத்து அவள் முடிந்த மட்டும் இழுக்க வேண்டும். எதற்கு என்றால் வாதத்துக்கு மருந்து கொடுக்கும் டாக்டருக்கு என்பார். "மீனு கிடைக்கலன்னு என்னை நிறுக்கிறீங்களா?" என்று கேட்டுக்கொண்டே இழுப்பாள். மூன்று தடவை இழுக்கச் சொல்லி, நடுவில் வந்த எண்ணை எழுதிக்கொள்வார். அவர் கை ஆடியதில் எண்கள் எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும். முதல் மாதம் 5.9. ஒரு வருடம் கழித்து 5.7. இரண்டு வருடம் கழித்து, ஒரு நவம்பரில், 5.5.

அந்த நவம்பர் மாதப் பக்கத்தில் மட்டும் முதல் மாதத்திலிருந்து எல்லா எண்களும் ஓரத்தில் வரிசையாக இருந்தன, நடுவில் கட்டம் போட்டு இரண்டு எண்கள். 6.4. பக்கத்தில் 4.6. கீழே ஒரு வரி: 'நாலு வருஷம். அப்புறம் நிக்கோல் வீடு.'

அவர் போன பிறகு அந்தப் பக்கத்தை மௌரீன் பார்த்தாள். அந்த நவம்பரில்தான் அவர் நரம்பு டாக்டரைப் பார்த்து வந்தார். கட்டத்துக்குள் இருந்தவை ஏதோ பரிசோதனையின் எண்கள் என்று எண்ணினாள். டாக்டர் அவருக்கு நான்கு வருடம் கெடு சொல்லியிருக்கிறார். அதை என்னிடம் மறைத்து, தாம் போன பிறகு நான் எங்கே இருக்க வேண்டும் என்பதையும் எழுதி வைத்திருக்கிறார் என்று புரிந்துகொண்டாள். அந்த நான்கு வருடமும் அவருக்குக் கிடைக்கவில்லை. ஐந்தே மாதம். அதை நினைத்து நினைத்து அவள் அழுத அழுகைக்குக் கணக்கில்லை. முப்பதாம் நாள் பூசையன்று அந்தப் பக்கத்தை நிக்கோலுக்கும் காட்டினாள். அன்றிலிருந்து நிக்கோல் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவருக்கு அப்புறம் நீங்கள் எங்கள் வீட்டில்தான் என்று டாடியே எழுதிவிட்டாரே, நீங்கள் யார் அதை மாற்ற?

கஸ்தூரிரங்கன் ரிவால்வரைத் துடைத்து உள்ளே வைத்தார். லைசென்ஸைத் திருப்பிக் கொடுப்பதற்காக எடுத்தவர், அதிலிருந்த பெயரை உதட்டை அசைத்துப் படித்தார்.

"மௌரீன், வைஃப் ஆஃப் ஓஸ்வால்ட், சந்தாபுரா." தலையை நிமிர்த்தினார். "ஓஸ்வால்டுன்னா... ஒசரமா, கை இப்படி ஆடிண்டே இருக்குமே, அவரா?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியுமாவா! அவரை மறக்க முடியுமா, மேடம்? ஒரு மத்தியானம் வந்தார். பையிலேர்ந்து ஒரு கொக்கித் தராசை எடுத்து இந்தக் கண்ணாடி மேல வெச்சார். மீன் தராசுன்னு மொதல்லயே தெரிஞ்சிருந்தா, ஐயங்கார் கடை ஓய் இதுன்னு வாசல்லயே நிறுத்தியிருப்பேன். உங்க ரிவால்வரோட விசையில இந்தக் கொக்கியை மாட்டி இழுங்க, எத்தனை கிலோவுல சுத்தியல் விழுதுன்னு பாக்கணும்ங்கறார். நாப்பது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன், ஒருத்தரும் அப்படிக் கேட்டதில்லை. என்னத்துக்கு சார்னேன். அளக்காம வாங்கினா அது பொம்மைன்னார்."

மௌரீன் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள். "எப்போ?"

"தீபாவளி முடிஞ்சு ஒரு வாரம், பத்து நாள். போன வருஷம் இல்ல, அதுக்கு முந்தின வருஷம்."

தீபாவளி முடிந்து ஒரு நாள் ஓஸ்வால்ட் பென்ஷன் ஆபீசுக்கு என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போனார். சந்தாபுராவிலிருந்து சிவாஜிநகர் வரை, ஆடும் கைகளோடு, இரண்டு பஸ் மாறி. ஆறு மணிக்குத்தான் திரும்பினார். பென்ஷன் ஆபீசில் என்ன சொன்னார்கள் என்று கேட்டதற்கு எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். அந்த முகத்தில் இருந்த திருப்தி அவளுக்கு இப்போது ஞாபகம் வந்தது. பென்ஷன் ஆபீசிலிருந்து அப்படி ஒரு முகத்தோடு யாரும் திரும்பியதில்லை.

"அவர் கை ஆடறதால நானே பிடிச்சு இழுத்தேன். அவர் முள்ளைப் பாத்தார். ஒவ்வொண்ணையும் மூணு மூணு தடவை. அன்னிக்கு வியாபாரமே போச்சு."

"எவ்வளவு வந்துச்சு? ஞாபகம் இருக்கா?"

"எண்ணு ஞாபகம் இல்ல மேடம். ஆனா பெரிசுதான் லேசா வந்தது. எனக்கே ஆச்சரியம்."

மௌரீன் கைப்பையைத் திறந்தாள். ஜெபமாலை குறிப்பேட்டின் கம்பியில் சிக்கியிருந்தது. அதைப் பிரிக்க விரல்கள் கேட்கவில்லை. மாலையோடு சேர்த்தே எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்து மேஜையில் வைத்தாள்.

கட்டத்துக்குள் 6.4. பக்கத்தில் 4.6. ஓரத்தில், மேலிருந்து கீழாக, அவளுடைய விரலின் எண்கள்.

அந்த இரண்டு எண்களையும் அவள் தொட்டுப் பார்த்தாள். இரத்தத்தின் எண்கள் இல்லை. நரம்பின் எண்கள் இல்லை. இரண்டு துப்பாக்கிகளின் விசைகள். மருந்துக்காக என்று சொல்லி இரண்டு வருடம் அவள் விரலை நிறுத்து, பிறகு பஸ் ஏறி வந்து இந்தக் கடையில் இரும்பை நிறுத்திருக்கிறார்.

"அந்தப் பெரிசை எடுங்க" என்றாள்.

"மம்மி!" நிக்கோல் எழுந்து நின்றாள். "சின்னதே வரல, பெரிசு எப்படி வரும்? சார், நீங்க சொல்லுங்க."

கஸ்தூரிரங்கன் கொஞ்சம் வெட்கப்பட்டவர்போல மூக்கைச் சொறிந்தார். "மகளே, குண்டு பெரிசுன்னா விசையும் பெரிசுன்னுதான் எல்லாரும் நெனைக்கறா. நானும் பழக்க தோஷத்துல லேடீஸுன்னதும் சின்னதை எடுத்து வெச்சுட்டேன். விரல்ல பலம் இருக்கறவாளுக்கு ரெண்டும் ஒண்ணுதான். இங்க பாரு, இருபத்திரண்டுல மருந்து விளிம்பைச் சுத்தி இருக்கும். ஓங்கி அடிச்சாத்தான் பத்தும். ஓங்கி அடிக்க முரட்டு ஸ்பிரிங் வேணும். முப்பத்திரண்டுல நடுவுல ஒரு பொட்டு. அதைத் தட்டினாப் போதும். ஸ்பிரிங் மெதுவாவே இருக்கலாம். துப்பாக்கி கனம் ஜாஸ்தி, அதனால சுடும்போது உதைக்கறதை அந்தக் கனமே வாங்கிக்கும். ஆனா ஆறு தோட்டாதான்."

"ஆறு போதும்" என்றாள் மௌரீன்.

பெரிய ரிவால்வரை அவர் இரண்டு கையாலும் வைத்தார். சின்னதைப்போல அது அழகாக இல்லை. கறுப்பாக, தடித்து, ஓஸ்வால்டின் டூல்ரூமிலிருந்து வந்த ஏதோ ஒரு கருவி மாதிரி இருந்தது. மௌரீன் அதைத் தூக்கியபோது கை ஒரு நொடி தாழ்ந்து, பிறகு அந்தக் கனத்தைக் கண்டுகொண்டது. வாயின் வட்டத்தைப் பார்த்தாள். அவளுடைய ஜெபமாலையின் பெரிய மணி தடையில்லாமல் நுழைந்து போகும். அந்த இருட்டுக்குள் எட்டிப் பார்த்தபோது கோயிலின் பெரிய மணிக்கு நேர் கீழே நின்று அண்ணாந்து பார்த்த சின்ன வயது ஞாபகம் வந்தது. மணி அடிக்காமலே காதுக்குள் கேட்டது.

மணல் பெட்டியை நோக்கி நீட்டினாள்.

விசை நகர்ந்தது. நிற்காமல் நகர்ந்தது. உருளை திரும்பியது, சுத்தியல் எழுந்தது, எழுந்ததை அவள் கண்ணால் பார்த்தாள், விழுந்தது. டக் என்ற சத்தம் சின்னதுதான். ஆனால் அது அவள் தோள் வரைக்கும் வந்து போயிற்று.

"ஒண்ணு" என்றார் கஸ்தூரிரங்கன், தன்னை அறியாமல்.

இரண்டு. மூன்று. மூன்றாவதற்குப் பிறகு மூட்டு சுட ஆரம்பித்தது. நான்கை இழுக்கும்போது அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஐந்தில் கை ஆடியது. ஓஸ்வால்டின் கை ஆடுவதைப்போலவே ஆடியது. இது பயமில்லை என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள். ஆறாவதற்கு முன் நிறுத்தி, துப்பாக்கியை மேஜையில் தாங்கி, மூச்சு வாங்கினாள்.  கஸ்தூரிரங்கன் கணக்குச் சொல்வதை நிறுத்திவிட்டார். அவள் மறுபடி நீட்டினாள். விசை வந்தது, பாதியில் தயங்கியது, விரல் வெளுத்தது, தயக்கத்தைத் தாண்டி வந்தது.

டக்.

துப்பாக்கியைப் பச்சைத் துணியின் மேல் வைத்துவிட்டு மௌரீன் தன் விரலைப் பார்த்தாள். முடிச்சு விழுந்து, ஒரு பக்கம் கோணலாகப் போன கிழட்டு விரல். பள்ளிக்கூட டீச்சராக முப்பது வருடம் கரும்பலகையைக் காட்டிய விரல். இதற்கு இவ்வளவு பலம் இருக்கிறது என்று அவளுக்கே தெரியாது. ஒருவருக்குத் தெரிந்திருக்கிறது, கிராம் வரைக்கும்.

நிக்கோலைத் திரும்பிப் பார்த்தாள். ஏதாவது சொல்வாள் என்று நினைத்தாள். நிக்கோல் அவளைக் கவனிக்கவே இல்லை. குறிப்பேட்டைத் தன் பக்கம் இழுத்துவைத்துக்கொண்டு, எண்களின் மேல் நகத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள். ஆபீசில் நாள் முழுதும் எண்களைப் பார்க்கிறவள். அவளுடைய நகம் 5.9-இல் தொடங்கிக் கீழே வந்து 5.5-இல் நின்றது. பிறகு கட்டத்துக்குத் தாவி 4.6-ஐத் தொட்டது.

"ரெண்டு வருஷத்துல நானூறு கிராம்" என்றாள், தனக்குத்தானே. "வருஷத்துக்கு இருநூறு."

"என்ன சொல்ற?"

"அஞ்சரையிலேர்ந்து நாலு புள்ளி ஆறு வரைக்கும் தொள்ளாயிரம் கிராம். இருநூறால வகுத்தா நாலரை." நிக்கோல் நிமிர்ந்தாள். அவள் முகம் மாறியிருந்தது. "அரை வருஷத்தை விட்டுட்டு நாலுன்னு போட்டிருக்கார்."

"எதுக்கு நாலு?"

"மம்மி, டாக்டர் டாடிக்கு ஒண்ணும் சொல்லல. இது டாடியோட நாலு வருஷம் இல்ல." குறிப்பேட்டை அம்மாவின் பக்கம் திருப்பி வைத்தாள். "இது உங்க நாலு வருஷம். உங்க விரல் இந்த விசையை இழுக்கற வரைக்கும். அதுக்கு அப்புறம்தான் என் வீடு."

 மௌரீனுக்கு அந்த வரி தெரியும். பதினோரு மாதமாக மனப்பாடம். அதே எழுத்துகள்தான், அதே நடுக்கம்தான். ஆனால் இப்போது அது ஒரு சாவின் கெடுவாக இல்லை. ஓஸ்வால்ட் சாகப் போகிறார் என்பதே அந்தப் பக்கத்தில் எங்கும் இல்லை. அந்த மனிதர் தம்மை அளக்கவே இல்லை. அவளுடைய ஒரு விரலிலிருந்து அவளுடைய வருடங்களை எடுத்துவைத்து, அதிலும் டூல்ரூமில் விடுகிறமாதிரி அரை வருடத்தைப் பிசகுக்காக விட்டுவைத்திருக்கிறார். நிக்கோலின் பயம் தீர ஒரு எண். மௌரீனின் பிடிவாதத்துக்கும் அதே எண்.

இத்தனை நாள் அவள் அவரைச் சாதாரண மனிதர் என்று நினைத்துத்தான் வாழ்ந்திருக்கிறாள். சாம்பார் ஆறுவதற்குள் சாப்பிடுங்கள் என்றும், ஈரத்துண்டைக் கட்டிலில் போடாதீர்கள் என்றும் சண்டை போட்டிருக்கிறாள். ஒருவரின் பக்கத்தில் நாற்பது வருடம் படுத்து எழுந்தும், அவர் எவ்வளவு என்று தெரியாமலே இருக்க முடிகிறதே என்று அவள் மலைத்துப்போய் உட்கார்ந்திருந்தாள்.

"பொம்மைக்கா இத்தனை கணக்கு!" கஸ்தூரிரங்கன் மெல்லச் சொன்னார். கைகள் தாமாகக் கும்பிட்டிருந்தன. துப்பாக்கியையா குறிப்பேட்டையா என்று தெரியவில்லை.

நிக்கோல் மூக்கை உறிஞ்சினாள். "பதினாறு மாசம் போயிடுச்சு. மீதி ரெண்டு வருஷம் எட்டு மாசம். அதுக்கு மேல ஒரு நாள்கூடக் கிடையாது மம்மி, சொல்லிட்டேன்."

"உங்க டாடி சொன்னாப் போதும். நீ சொல்ல வேணாம்."

"நான் சாயங்காலம் ஆறு மணிக்குப் போன் பண்ணுவேன். எடுக்கணும்."

"எடுக்காம எங்க போறேன்?"

"அப்புறம் அழக்கூடாதுன்னு சொன்னேன்ல."

"நீதான்டி அழுற" என்றாள் மௌரீன்.

படிவங்களை நிரப்ப ஒரு மணி நேரம் ஆயிற்று. எந்த ரகம் என்ற கட்டத்தில் முப்பத்திரண்டு என்று கஸ்தூரிரங்கன் எழுதினார். மௌரீன் கையெழுத்துப் போட்டாள். ஆறு தடவை இழுத்த விரல் பேனாவைப் பிடிக்க மறுத்து, அவளுடைய கையெழுத்தும் எறும்பு ஊர்ந்த மாதிரி விழுந்தது.

ஏப்ரல் மாதத்தின் முதல் வெள்ளியன்று நிக்கோல் ஆபீசிலிருந்து நேராகக் கோயிலுக்கு வந்துவிட்டாள். திருப்பலி முடிந்து, ஓஸ்வால்டின் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, இருவரும் வீட்டுக்கு வந்தார்கள். மந்திரித்த பீரோவுக்குள் ரிவால்வர் பூட்டிக் கிடந்தது. அதை யாரும் எடுக்கவில்லை. மௌரீன் சமையலறை அலமாரியிலிருந்து கொக்கித் தராசை எடுத்து வந்து ஜன்னல் கம்பியில் மாட்டினாள். அவர் மாட்டிய இடத்தில் கம்பியின் சாயம் உரிந்து ஒரு சின்னத் தடம் இருந்தது.

"முள்ளைக் கிட்டப் போய்ப் பாரு. நேரா நில்லு. சாஞ்சு பாத்தா தப்பாத் தெரியும்" என்றாள்.

"டாடி மாதிரியே பேசாதீங்க."

மௌரீன் விரலை மாட்டி இழுத்தாள். முள் ஏறியது, நடுங்கியது, நின்றது.

"அஞ்சு புள்ளி மூணு" என்றாள் நிக்கோல். பேனா மூடியை வாயில் கடித்துக்கொண்டு கணக்குப் போட்டாள். "டாடி கணக்குப்படி அஞ்சு புள்ளி ரெண்டுதான் இருக்கணும். நூறு கிராம் ஜாஸ்தி இருக்கு." எழுதுவதற்குக் குனிந்தாள்.

"எழுதாதே" என்றாள் மௌரீன். "அவர் ஒரு தடவை பாத்து எழுதினதே இல்ல." வலித்த விரலை மற்றக் கையால் ஒரு தரம் நீவிவிட்டு, மறுபடி கொக்கியில் கொடுத்தாள். "இன்னும் ரெண்டு தடவை இருக்கு. பாத்துச் சொல்லு."